பிஎச்டி2: ஒரு வருடப் பாவனைக்குப் பிறகு, கல்லடியிலிருந்து

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். மோட்டார் மவுண்ட் (டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்புகிற தாங்கி) வைத்து வானத்தைப் படம் எடுக்கிற எவருக்கும் பிஎச்டி2 என்ற மென்பொருள் கட்டாயம் தேவை. இலவசம் என்பதற்காகச் சொல்லவில்லை. மவுண்டில் பிழை எங்கே இருக்கிறது என்று இவ்வளவு நேராகச் சொல்கிற வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஒரு வருடமாகக் கல்லடியில் எங்கள் வளவுக்குள் வைத்துப் பாவிக்கிறேன், அதில் முதல் மூன்று மாதம் இந்த மென்பொருளில்தான் கோளாறு என்று நம்பி அதன் செட்டிங்கை எல்லாம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

புதியவர்களுக்குச் சுருக்கமாக: மவுண்ட் நட்சத்திரத்தின் பின்னால் செக்கனுக்கு 15 ஆர்க் செக்கன் (ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் ஆர்க் செக்கன்) வேகத்தில் திரும்ப வேண்டும். எந்தப் பல்சக்கரமும் அப்படி ஒரே சீராகச் சுற்றாது, கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். அதனால் பெரிய குழாயின் மேல் ஒரு சின்னக் குழாயையும் கமராவையும் பூட்டி, ஒரு நட்சத்திரத்தை இரண்டு மூன்று செக்கனுக்கு ஒருதடவை பார்த்து, விலகினால் மவுண்டைச் சற்றே தட்டிவிடுகிறோம், இதுதான் கைடிங். கிரெய்க் ஸ்டார்க் எழுதிய பிஎச்டி பிறகு திறந்த மூலமாகி, பலர் சேர்ந்து வளர்த்ததுதான் இந்த பிஎச்டி2. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பழைய லேப்டாப்பே போதும்.

என்னுடைய மவுண்ட் செகண்ட் ஹேண்ட். 400 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள குழாய், கெனன் 600டி கமரா, கைடுக்கு 120 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள குழாய். மூன்று நிமிடப் படம் எடுத்தால் நட்சத்திரமெல்லாம் நெல்மணி மாதிரி நீண்டு கிடந்தது, பிஎச்டி2-இன் வரைபடத்தில் டெக் அச்சின் (குழாயை வடக்கு தெற்காகத் திருப்பும் அச்சு) சிவப்புக் கோடு வாள் பல்லு மாதிரி ஏறி இறங்கியது. கைடிங் அசிஸ்டன்ட் என்று ஒரு கருவி உள்ளே இருக்கிறது, அதை ஓடவிடும் வரை எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அது திருத்தங்களை நிறுத்திவிட்டு மவுண்டைத் தன்பாட்டில் ஓடவிட்டுப் பார்க்கிறது. அப்புறம் டெக் அச்சை வடக்கே தள்ளி, திரும்பத் தெற்கே இழுத்து, பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் எவ்வளவு லூஸ் என்று அளக்கிறது, அந்த லூஸுக்குப் பெயர் பேக்லாஷ். எனக்கு வந்த விடை: துருவ அச்சுப் பிழை (மவுண்டின் அச்சு வான துருவத்திலிருந்து விலகி நிற்கும் அளவு) 38 ஆர்க் மினிட், பேக்லாஷ் 3400 மில்லிசெக்கன். முழு நிலவின் அகலத்தையும் தாண்டி அச்சு விலகி நிற்கிறது, டெக் மோட்டார் திசை மாறும்போது மூன்று செக்கனுக்கு மேல் சும்மா சுற்றுகிறது. இதை வைத்துக்கொண்டு அக்ரஷனை (எவ்வளவு பலமாகத் திருத்துவது என்கிற செட்டிங்) 70-இலிருந்து 50-க்கு இறக்கி என்ன பிரயோசனம்?

துருவ அச்சு விஷயம் எங்கள் ஊருக்கே உரிய சிக்கல், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மட்டக்களப்பு 7.7 பாகை வடக்கு. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏழெட்டுப் பாகைக்குள்தான் நிற்கும், எங்கள் வளவில் அந்த இடத்தில் தென்னை, அதற்குப் பின்னால் டவுன் வெளிச்சம், எல்லாம் சேர்ந்த மங்கல். துருவ நட்சத்திரத்தைப் பார்க்க மவுண்டில் உள்ள போலார் ஸ்கோப்பில் அதை ஒருநாளும் கண்டதில்லை. போன் திசைகாட்டியை இரும்புப் பாரத்துக்குப் பக்கத்தில் பிடித்துத்தான் வடக்குப் பார்த்திருக்கிறேன், 38 வந்தது அப்படித்தான். இங்கே கைகொடுப்பது பிஎச்டி2-இல் உள்ள டிரிஃப்ட் அலைன். துருவ நட்சத்திரமே தேவையில்லை. முதலில் வானநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், உச்சிவேளைக் கோட்டில் (தலைக்கு மேலால் வடக்கு தெற்காகப் போகும் கோடு) இருக்கிற ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து, சிவப்புக் கோடு சரியாமல் படுக்கும் வரை மவுண்டை இடம் வலமாகத் திருப்ப வேண்டும். பிறகு கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாக உள்ள ஒன்றைப் பார்த்து மேல் கீழாக. கல்லடிக்காரருக்குக் கிழக்கே கடல், மறைக்க ஒன்றுமில்லை. திரையில் மெஜந்தா நிறத்தில் ஒரு வட்டம் வரும், எவ்வளவு தூரத்துக்குள் நகர்த்த வேண்டும் என்பதற்கு அது எல்லை. முதல்நாள் இரண்டு மணித்தியாலம் எடுத்தது. சீமெந்துத் தரையில் டிரைபொட் கால் மூன்றுக்கும் பெயின்ட் அடையாளம் வைத்த பிறகு இப்போது இருபத்தைந்து நிமிடம், பிழை 3 ஆர்க் மினிட்டுக்குள்.

ஒன்று கவனம். எங்கள் அகலக்கோட்டில் ஆர்ஏ அச்சு (நட்சத்திரத்தைத் தொடர்ந்து திரும்பும் அச்சு) கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும், பாரம் தொங்கும் தண்டு டிரைபொட்டின் முன்கால்மேல் முட்டப் பார்க்கும். காலைச் சற்றுத் திருப்பி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பேக்லாஷுக்கு மென்பொருள் சொன்ன ஆலோசனை, டெக்கில் ஒரு திசையில் மட்டும் கைட் செய்து பார் என்பது. அதுவும் வேலை செய்தது, ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. குழாயின் நுனியைப் பிடித்து மெதுவாக ஆட்டினால் உள்ளே ‘டிக்’ என்று கையில் தட்டுப்பட்டது. மோட்டார் சைக்கிள் திருத்துகிற அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். டெலஸ்கோப்பை அவர் அன்றுதான் முதன்முதல் தொடுகிறார், ஆனால் வோர்மை (பல்சக்கரத்தைச் சுற்றவைக்கும் திருகுத்தண்டு) அழுத்தும் இரண்டு ஸ்க்ரூவையும் பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. “தம்பி, இது செயின் மாதிரித்தான். கூட இறுக்கினா இழுக்காது, கூட விட்டா அடிக்கும்” என்றார். ஒன்றைத் தளர்த்தி, எதிரே உள்ளதை அரைக்கால் சுற்று இறுக்கி, அச்சை முழுவட்டம் சுற்றவிட்டு, எந்த இடத்திலும் மோட்டார் திணறவில்லை என்று பார்த்தோம். சக்கரம் சுத்த வட்டமாக இருக்காது, அதனால் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. அன்றிரவு அசிஸ்டன்ட் காட்டியது 600 மில்லிசெக்கன். வாள் பல்லு போய்விட்டது.

சூட்டால் வருகிற தொல்லை தனி. குளிரூட்டி இல்லாத கைட் கமராவில் எங்கள் ராத்திரிச் சூட்டுக்கு ஹாட் பிக்சல் (வெளிச்சம் இல்லாமலே ஒளிரும் புள்ளி) நிறைய. ஒருநாள் அளவுதிருத்தம் திரும்பத் திரும்பத் தோற்றது, நட்சத்திரம் போதிய அளவு நகரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பார்த்தால், தெரிவாகியிருந்தது நட்சத்திரமே இல்லை, ஒரு ஹாட் பிக்சல்! குழாயை மூடி டார்க் லைப்ரரி (வெளிச்சம் படாமல் எடுத்த இருட்டுப் படங்கள்) எடுத்து வைத்தால் இது தீரும், மாசியில் எடுத்ததை ஆடியில் பாவிக்காமல் புதிதாக எடுங்கள்.

வரைபடம் நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் வயர் எங்கோ சிக்குகிறது, உடுப்புக் கிளிப்பால் பிடித்துவிட்டால் போதும். கடற்கரை மணலில் வைப்பதென்றால் காலுக்குக் கீழே டைல் துண்டு போடுங்கள், இல்லையென்றால் படம் எடுக்க எடுக்கக் கால் இறங்கும். கச்சான் காற்று அடிக்கிற இரவில் எந்த செட்டிங்கும் உதவாது.

ஆர்ஏ பக்கம் மிச்சமிருந்தது மெதுவான ஓர் அலை. பதிவுக் கோப்பை லாக் வியூவரில் திறந்து அலைவெண் வரைபடம் பார்த்தேன், 638 செக்கனில் ஓர் உச்சம். என் மவுண்டின் சக்கரத்துக்கு 135 பல், பூமியின் ஒரு சுற்று 86164 செக்கன், வகுத்தால் வோர்மின் ஒரு சுற்றுக்கு அதே 638. அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. இதற்கென்றே முன்கூட்டிக் கணித்துத் திருத்தும் பிபெக் என்ற முறை ஒன்று உள்ளே இருக்கிறது, ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்விலிருந்து வந்தது. இரண்டு சுற்று ஓடினால் அலையைக் கற்றுக்கொள்கிறது.

குறை என்றால், மூளைப் படம் போட்ட பட்டனுக்குள் இருக்கிற செட்டிங்குகள் மிக அதிகம், புதியவர் பயந்துவிடுவார். அதோடு கைட் குழாயின் குவியத்தூரத்தைப் பிழையாகக் கொடுத்தால் ஆர்க் செக்கன் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும், அதை முதலில் சரிபாருங்கள். இப்போது எனக்கு மொத்தம் 1.1 ஆர்க் செக்கன் ஆர்எம்எஸ் (விலகலின் ஒருவகைச் சராசரி) வருகிறது. என் படத்தில் ஒரு பிக்சல் 2.2 ஆர்க் செக்கன், அதனால் இதற்குமேல் தேடவில்லை. சித்திரையில் தெற்கே ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தை ஐந்து நிமிடப் படமாக எடுத்தேன், ஓரம் வரை எல்லாப் புள்ளியும் வட்டம்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் யாராவது இதே பாடுபட்டால் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். வரைபடத்தைப் படம் பிடித்து அனுப்பாமல், கைடிங் அசிஸ்டன்ட் ஓடிய இரவின் பதிவுக் கோப்பையே அனுப்புங்கள்.