குளச்சலில் ஆறு வருடமாக ஓடும் என் கணினியும், அதைப் படுத்திய ஒரு ரேமும்

குளச்சலில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், ஞானஸ்நானம், திருவிழா என்று எடுக்கும் படங்களைத் திருத்தி ஆல்பம் போட 2019-இல் ஒரு கணினி அசெம்பிள் செய்தேன். ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 3200 வேகத்தில் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) இரண்டு, ஜோடியாக விற்கும் ஒரே கிட்டாக. மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. 2022 ஐப்பசி மழையில்தான் தொல்லை ஆரம்பித்தது.

முதலில் வாரத்துக்கு ஒரு தடவை ப்ளூ ஸ்கிரீன். அப்புறம் நாளுக்கு ஒன்று. ஆல்பம் பக்கம் சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நீலத் திரை வந்து ரீஸ்டார்ட் ஆகும். ஒரு தடவை மெமரி மேனேஜ்மென்ட் என்று வரும், மறு தடவை பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, இன்னொரு நாள் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல். விண்டோஸ் தன் கோளாறுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் பார்த்தால் கெர்னல் பவர் 41. அதைப் பார்த்து மின்சாரப் பிரச்சனை என்று யுபிஎஸ் பேட்டரியை மாற்றினேன். அந்த 41 சொல்வதெல்லாம், கணினி முறைப்படி அணையாமல் நின்றுபோனது என்பதை மட்டும்தான். ஏன் நின்றது என்று அது சொல்லாது.

சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில், "அண்ணே, விண்டோஸ்தான் கோளாறு, ஃபார்மேட் போட்டாச்சு, இனி வராது" என்றார்கள். மூன்று தடவை ஃபார்மேட் போட்டோம். மூன்றாவது தடவை இன்ஸ்டால் ஆகும்போதே ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று பாதியில் நின்றது. அப்போதே நான் ரேமைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். திரையில் வரும் எரர் ஒவ்வொரு தடவையும் வேறுவேறாக இருந்தாலே முதலில் ரேமைத்தான் பார்க்க வேண்டும். ஒரே டிரைவர் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிரைவரைப் பார்க்கலாம்.

கிராஷ் ஆவதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் கடைசியில் ஒரு கல்யாணப் படத்தைத் திறந்தேன். மணப்பெண்ணின் முகம் வரை தெளிவாக இருக்கிறது. மந்திரகோடி சேலை தொடங்கும் இடத்தில் இருந்து கீழே முழுக்க ரோஸ் நிறப் பட்டை. கேமரா மெமரி கார்டில் இருந்து ஹார்ட் டிஸ்குக்குப் போகும் ஒவ்வொரு ஃபைலும் ரேம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் மாறினால் மாறியபடியே டிஸ்கில் எழுதப்படும், எந்த எச்சரிக்கையும் வராது. அப்படி நாற்பதுக்கு மேல் படங்கள் கெட்டிருந்தன. பெரும்பாலானவற்றைக் கார்டில் இருந்து மறுபடி எடுத்தேன். மூன்று படங்களின் கார்டை அதற்குள் அழித்துவிட்டிருந்தேன். அந்த வீட்டுக்குப் போய்ச் சொன்ன நாள் இன்னும் மனதில் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் முடிந்து ஜனவரியில் கல்யாணங்கள் வரிசையாக வரும். அதற்கு முன் சரி செய்தே ஆக வேண்டும். விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் போட்டேன். குறை ஒன்றும் இல்லை என்றது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரி லேபில் வேலை பார்க்கும் நண்பனிடம் சொன்னேன். "மக்கா, அத நம்பாத. மெம்டெஸ்ட்86 பிளஸ் பென் டிரைவ்ல போட்டு ராத்திரி முழுக்க ஓட விடு. ரெண்டையும் சேத்து வைக்காத, ஒண்ணு ஒண்ணா போடு" என்றான்.

மெம்டெஸ்ட்86 பிளஸ், ரேமைச் சோதிக்கும் ஓர் இலவச மென்பொருள். 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பில் இருந்து யுஇஎஃப்ஐ எனும் புது வகை பயாஸ் உள்ள கணினிகளிலும் நேரடியாக ஓடும். பென் டிரைவில் இருந்து பூட் ஆகவில்லை என்றால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) செக்யூர் பூட்டை அணைத்துப் பார்க்கவும். முதலில், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்தேன். டிடிஆர்4-இன் வழக்கமான மின்னழுத்தம் 1.2 வோல்ட், என் கிட் 3200-இல் ஓட 1.35 வோல்ட் கேட்கும். அந்த அழுத்தமும் வேகமும் இல்லாமலே எரர் வந்தால் ரேமே கெட்டது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

முதல் ரேம் ஸ்டிக்கை பிராசஸரில் இருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போட்டேன். ஒரு ரேம் மட்டும் போடுவதென்றால் என் மதர்போர்டின் கையேடு சொல்வது அந்த ஸ்லாட்தான். ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரம். நான்கு சுற்றும் சுத்தம். இரண்டாவது ஸ்டிக்கைப் போட்டபோது முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றில், இரவு ஒன்றரை மணிக்கு, திரையில் சிவப்பு வரிகள் விழுந்தன. எழுதிய எண் ஒரு பக்கம், திரும்பப் படித்த எண் பக்கத்தில். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. உற்றுப் பார்த்தால் ஒரே ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது. ஒவ்வொரு வரியிலும் அதே இடத்து எழுத்து. மூன்று மாதமாக என்னை அலைக்கழித்தது அந்த ஒற்றை எழுத்துதான்.

உடனே குப்பையில் போடவில்லை. அதே ஸ்டிக்கை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினேன்; எரர் கூடவே வந்தது. நல்ல ஸ்டிக்கை அந்தப் பழைய ஸ்லாட்டில் வைத்தேன், எரர் இல்லை. இந்த மாற்றிப் போடும் வேலையை யாரும் விட்டுவிடக் கூடாது. எரர் ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக் கெட்டது. ஸ்லாட்டிலேயே நின்றால் மதர்போர்டு பக்கம் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்பே ரேமின் பின்களையும் துடைத்திருந்தேன். எங்கள் ஊர் உப்புக்காற்றில் கேபினட் ஸ்க்ரூவே துருப்பிடிக்கும். பவர் கேபிளை உருவி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, ரேமை ஓரத்தில் பிடித்துக் கழற்ற வேண்டும். மென்மையான ரப்பரால் பின்களை லேசாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்ட வேண்டும். உப்புத்தாள் போடவே கூடாது, தங்கப் பூச்சு போய்விடும். பல வீடுகளில் இந்தத் துடைப்பிலேயே கோளாறு தீர்ந்துவிடுகிறது. எனக்குத் தீரவில்லை.

வாரண்டி இருந்தது. கிட்டாக வாங்கியதால் நல்லதையும் சேர்த்து இரண்டையும் அனுப்பச் சொன்னார்கள். மாற்று வரும் வரை நண்பனின் 8 ஜிபி ரேமில் ஓட்டினேன். பில்லும் ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணும் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. வந்த புது ஜோடியையும் ஓர் இரவு சோதித்த பிறகே விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். கெட்ட ரேமோடு போட்ட விண்டோஸை நம்பி வைத்திருக்க வேண்டாம்.

2024-இல் இன்னொரு கிட் வாங்கி 32 ஜிபி ஆக்கினேன். மறுபடி கிராஷ். இந்த முறை பதறவில்லை. ஒவ்வொரு ஜோடியும் தனியாக 3200-இல் சுத்தம். நான்கும் சேர்ந்தால் எரர். ரேமில் குறை இல்லை. ரைசன் 5 2600-க்கு ஏஎம்டி சொல்லும் உச்ச வேகமே 2933தான். நான்கு ஸ்டிக் சேரும்போது பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை இன்னும் கூடும். 2666-க்கு இறக்கினேன். இரவு முழுக்க ஒரு எரர் இல்லை, அதற்குப் பின் இன்று வரை ஒரு ப்ளூ ஸ்கிரீனும் இல்லை. ஆல்பம் வேலையில் வேகம் குறைந்தது கண்ணுக்கே தெரியவில்லை. கூடின 16 ஜிபி நன்றாகத் தெரிகிறது. எடிட்டிங் செய்பவர்களுக்கு வேகத்தைவிட அளவைத்தான் சொல்வேன்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னும் பின்னும், பின் துடைத்து ஓர் இரவு மெம்டெஸ்ட் ஓட்டுகிறேன். கார்டில் இருந்து படம் இறக்கியதும் இரண்டு பக்கமும் ஹாஷ் (ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) எடுத்து ஒப்பிட்ட பிறகே கார்டை அழிக்கிறேன். குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் யாருக்காவது கணினி இப்படிப் படுத்தினால், அந்த மெம்டெஸ்ட் பென் டிரைவ் என் மேசை டிராயரில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.