பழைய அம்பாசடரின் ஐடிலிங் கோளாறுக்குக் கார்புரேட்டரை மாற்றச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள்

பழைய பெட்ரோல் அம்பாசடர் வைத்திருப்பவர்கள், வண்டி சிக்னலில் நின்றவுடன் நடுங்கி அணைந்துவிடுகிறது என்று சொல்லிப் பட்டறையில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். சென்னையில் ஒரு பட்டறையில் நான்கு மாதங்களில் 31,400 ரூபாய் கொடுத்தும் தீராத கோளாறு, வேறொருவர் கையில் ஒரே காலைப்பொழுதில் 900 ரூபாய்க்குத் தீர்ந்தது. பணம் போனதைக் காட்டிலும், என் தந்தை 1984 முதல் பேணிவந்த வண்டியின் அசல் கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) திரும்பி வராமல் போனதுதான் எனக்குப் பெரிய இழப்பு.

வண்டி மார்க் 4. 1489 சிசி எஞ்சின், எஸ்.யூ. கார்புரேட்டர். காலையில் சோக்கை (கலவையில் பெட்ரோலைக் கூட்டும் இழுபிடி) இழுத்து ஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக ஓடும். எஞ்சின் சூடேறி, சோக்கை உள்ளே தள்ளியதும் ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் மெதுவாக ஓடும் ஓட்டம், குலையத் தொடங்கும், ஸ்டீயரிங் நடுங்கும், நந்தனம் சிக்னலை அடைவதற்குள் இரண்டு முறையாவது அணைந்துவிடும். ஆனால் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதோ மேம்பாலத்தில் ஏறும்போதோ எந்தக் குறையும் தெரியாது. இன்னொன்றையும் கவனித்திருந்தேன்: நிற்கும்போது சோக்கைக் கால்வாசி இழுத்துவிட்டால் நடுக்கம் அடங்கிவிடும். இவை அனைத்தையும் பட்டறையில் வண்டியை விட்ட முதல் நாளே சொன்னேன். அங்கிருந்தவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் கார்புரேட்டரை அரித்துவிட்டது, புதியது மாற்றினால்தான் ஆகும் என்று பானட்டைத் திறந்த ஐந்தாவது நிமிடத்தில் முடிவாகச் சொல்லிவிட்டார்.

எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் என்னும் சவ்வையும் கெடுக்கக்கூடியது என்பது உண்மைதான், அதனாலேயே நானும் நம்பினேன். ஆனால் அவற்றால் பெட்ரோல் வரத்து குறைந்திருந்தால், வண்டி வேகத்திலும் ஏற்றத்திலும் திக்கியிருக்க வேண்டும். நிற்கும்போது மட்டும் அணைகிற வண்டிக்கு அந்தக் காரணம் பொருந்தாது என்பதை அன்று நான் யோசிக்கவில்லை.

புதிய கார்புரேட்டர் என்று சொல்லி ஒன்றைப் பொருத்தி, கூலியோடு 10,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வண்டியை எடுக்கும்போது அணையவில்லை. ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கை மிக உயர்த்தி வைத்திருந்ததே அதற்குக் காரணம் என்பது இரண்டு நாள் கழித்து, முதல் கியர் போடும்போது கேட்ட கரகரப்பிலிருந்து விளங்கியது. ஸ்க்ரூவைப் பழைய அளவுக்குத் தணித்ததும் அதே நடுக்கம் திரும்பியது. கழற்றிய கார்புரேட்டரைக் கேட்டபோது, பழைய இரும்புக்காரருக்குப் போய்விட்டது என்றார்கள்.

இரண்டாம் முறை போனபோது ஒன்றாம், இரண்டாம் சிலிண்டர்கள் சரியாக வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்து, ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையே கசிவை அடைக்கும் தகடு) அந்த இரண்டுக்கும் இடையில் எரிந்துவிட்டது என்றார்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகத் தளர்ந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிப்பது தவறில்லை. ஆனால் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொரு பிளக் துளையிலும் வைத்துப் பார்த்திருந்தால் அரைமணி நேரத்தில் உண்மை தெரிந்திருக்கும். அதைச் செய்யாமலே ஹெட்டைக் கழற்றினார்கள். வால்வு கிரைண்டிங், முழு கேஸ்கெட் செட், கூலி எல்லாம் சேர்த்து 21,400 ரூபாய் ஆயிற்று. ஒரு துண்டுத்தாளில் கையால் எழுதிய கணக்கைத் தவிர வேறு ரசீது தரவில்லை. மூன்று வாரம் கழித்து வந்த வண்டி, முன்பு போலவே சிக்னலில் அணைந்தது.

இராயப்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அம்பாசடர் பார்த்துவரும் ஒரு பெரியவரிடம் நண்பர் ஒருவர் அழைத்துப் போனார். அவர் முதலில் கருவி எதையும் எடுக்கவில்லை. நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, “சோக்கை இழுத்தா சரியாகுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே தம்பி, எங்கேயோ காத்து இழுக்குது” என்றார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கார்புரேட்டரின் பிஸ்டனைச் சற்றே உயர்த்தும் சிறு முள்ளை விரலால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அளவுக்குத் தள்ளினார். எஞ்சின் உடனே அணைந்தது. கலவை சரியாக இருந்தால் வேகம் ஒரு கணம் ஏறி அடங்க வேண்டும், பெட்ரோல் மிகுந்திருந்தால் ஏறிய வேகம் அப்படியே நிற்க வேண்டும், அணைந்தால் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்திருக்கிறது என்று பொருள் என விளக்கினார். அடுத்து பிளக் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். மூன்றையும் நான்கையும் இழுத்தபோது எஞ்சின் தடுமாறியது. ஒன்றையும் இரண்டையும் இழுத்தபோது பெரிய மாற்றமில்லை.

இந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கும் காற்றும் பெட்ரோலும் போக இரண்டே வழிகள்தான் உண்டு: முன்வழி ஒன்றுக்கும் இரண்டுக்கும், பின்வழி மூன்றுக்கும் நான்குக்கும். கார்புரேட்டரிலிருந்து கலவையைக் கொண்டுவரும் குழாயான மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்திலுள்ள கேஸ்கெட் முன்வழியில் விட்டிருந்தால் அந்த இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்தே தளரும். ஐடிலிங்கில் த்ராட்டில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் அடைப்பு) ஏறக்குறைய மூடியிருப்பதால் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சல் அப்போதுதான் மிக வலுவாக இருக்கும். மயிரிழை அளவு இடுக்கு இருந்தாலும் கார்புரேட்டர் அளந்து தராத காற்று அதன் வழியே புகுந்து கலவையைக் கெடுக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள்ளே போகும் மொத்தக் காற்றோடு ஒப்பிட அந்தக் கசிவு அற்பமாகிவிடும். சோக் இந்தக் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைக் கீழே இறக்கிப் பெட்ரோலைக் கூட்டுவதால், குறை தற்காலிகமாக மறைந்திருக்கிறது. முதல் நாள் நான் சொன்ன ஒவ்வொரு அறிகுறியும் இந்த ஒரே இடத்தைத்தான் காட்டியிருக்கிறது.

ஆயில் கேனிலிருந்து சில சொட்டுகளை மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் விளிம்பில் அவர் விட்டதும், எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு, சில நொடிகள் எஞ்சின் சீராக ஓடியது. கழற்றியபோது வெளியே வந்தது பழைய கேஸ்கெட். முன்வழி ஓரத்தில் கருகிப் பிளந்திருந்த அதையே, மேலே பசை தடவித் திரும்பப் பொருத்தியிருந்தார்கள். முழு கேஸ்கெட் செட்டுக்கு என்னிடம் பணம் வாங்கியவர்கள் செய்த வேலை இது. ‘புதிய’ கார்புரேட்டரின் மேல்குடுவையைத் திறந்தால், பிஸ்டன் பாதியில் சிக்கி நின்றது. குடுவையும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்துச் செய்யப்படும் இணை. வெவ்வேறு வண்டிகளின் துண்டுகளைச் சேர்த்து மெருகேற்றி விற்றிருக்கிறார்கள் என்று பெரியவர் காட்டினார். புது கேஸ்கெட்டும் அவர் கூலியும் சேர்த்துத்தான் அந்த 900 ரூபாய். நல்ல கார்புரேட்டர் ஒன்றைப் பிறகு பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடி எடுத்துத் தனியாகச் செலவு செய்து பொருத்தினேன்.

ஆகவே வண்டியை விடும்போதே, கழற்றும் ஒவ்வொரு பழைய பாகமும் என் கைக்குத் திரும்ப வர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். ஹெட்டில் கை வைப்பதற்கு முன் நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பிளக்குக்குத் தீப்பொறி தரும் அமைப்பிலுள்ள பாயின்ட் இடைவெளி, கண்டென்சர், அத்துடன் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஆகியவற்றைப் பார்க்காமல் கார்புரேட்டரைக் குறை சொல்பவரிடம் வண்டியை விட வேண்டாம். முறையான ரசீது தர மறுக்கும் இடத்தில் வேலையே கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம், வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடவும் முடியும். துண்டுத்தாள் கணக்கு, பணம் அனுப்பிய கைபேசிப் பதிவுகள், கருகிய கேஸ்கெட், சிக்கிய பிஸ்டன் எல்லாவற்றையும் நான் பத்திரப்படுத்தியிருக்கிறேன். மனுவை இந்த வாரம் கொடுக்கிறேன்.