புரத உணவும் என் மத்தியானப் பசியும்

முட்டை விலை மறுபடியும் ஏறியிருக்கிறது. நாமக்கல்லில் குடியிருப்பவர்களுக்குக் கொள்முதல் விலை ஐந்து காசு கூடினாலும் அது செய்திதான். அந்தப் பேச்சின் நடுவே என்னோடு பணிபுரியும் தோழி கேட்டார்: “இன்னுமா அக்கா அதே அளவு புரதம் சாப்பிடுகிறீர்கள்? நானும் ஜிம்மில் சேரப்போகிறேன். உங்களைப் போலவே தொடங்கிவிடட்டுமா?” பதில் கொஞ்சம் நீளமானது என்பதால் எழுதுகிறேன்.

கணக்கு பலருக்கும் தெரிந்ததுதான். அன்றாட வாழ்க்கைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020 பரிந்துரை. எடை தூக்குகிற நாங்கள் கிலோவுக்கு 1.6 கிராம் என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். என் எடை 58 கிலோ. ஆக, நாளொன்றுக்குச் சுமார் 93 கிராம். காலையில் மூன்று முட்டையும் மூன்று இட்லியும், மதியம் 150 கிராம் கோழி நெஞ்சுக்கறி, மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவு 100 கிராம் பன்னீர், படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். அசைவம் இல்லாத நாளில் கோழிக்குப் பதில் மீல்மேக்கர். உலர்ந்த நிலையில் 50 கிராம் எடுத்தாலே 26 கிராம் புரதம் வந்துவிடும். மிச்சத்தைச் சோறும் சாம்பாரும் பார்த்துக்கொள்ளும்.

பலன் கிடைத்ததா என்றால், கிடைத்தது. நாற்பதைத் தாண்டிய பெண்ணின் உடம்பில் தசை தானாகவே கரையத் தொடங்கும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பும் சேர்ந்து இளைக்கும். அந்த வயதில் எனக்குத் தோளும் தொடையும் உரம் ஏறியிருக்கின்றன. 25 கிலோ அரிசிச் சிப்பத்தை வாசலிலிருந்து சமையலறை வரை நானே தூக்கிவருகிறேன். நிரம்பிய கேஸ் சிலிண்டர் உருளையோடு சேர்த்து ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். அதை மாற்ற யாரையும் கூப்பிடுவதில்லை. நாள் முழுக்க வகுப்பில் நின்றுவிட்டு வந்தாலும் இடுப்பு வலிப்பதில்லை. இவ்வளவும் உண்மை, இதில் ஒரு சொல்லையும் குறைக்க மாட்டேன்.

ஆனால் எனக்குப் பசிப்பதில்லை. தொடங்கிய சில வாரங்களில் போன பசி இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை. வயிற்றுக்கோளாறு எதுவும் கிடையாது, சாப்பிட்டால் செரிக்கிறது. பிற்பகல் ஒரு மணிக்கு வயிறு கேட்குமே, கருவேப்பிலை தாளிக்கும் வாசனைக்கு வாயில் நீர் ஊறுமே, அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டுப் பள்ளிபாளையம் சிக்கன் வறுக்கிறேன். எங்கள் மாவட்டத்தின் கறி அது. வீட்டில் எல்லோரும் அடுப்படிக்கே வந்து எட்டிப்பார்க்கிறார்கள். நானோ தட்டில் 150 கிராமைப் போட்டுக்கொண்டு, முடிக்க வேண்டுமே என்று முடிக்கிறேன். நல்ல சாப்பாட்டை இப்படிச் சாப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை காலமாகியும் பழகவில்லை.

இதற்குக் காரணம் புரியாத விஷயமல்ல. மாவுச்சத்து, கொழுப்பு இரண்டையும்விடப் புரதமே வயிறு நிறைந்த உணர்வை அதிகம் தருகிறது, அதிக நேரமும் வைத்திருக்கிறது. உடல் இளைக்க விரும்புகிறவருக்கு அது வரம். தசை சேர்க்க விரும்பும் ஒல்லியான ஆளுக்கு அதுவே தடை. தசை வளரப் புரதம் மட்டும் போதாது, செலவைவிடச் சற்று மிகுதியான கலோரியும் வேண்டும். கலோரி குறைந்தால், வளர்ச்சிக்காகச் சாப்பிட்ட புரதத்தில் ஒரு பகுதியை உடல் எரிபொருளாகவே செலவழித்துவிடும். போதாக்குறைக்கு, புரதத்தின் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரித்துப் பயன்படுத்துவதற்கே போய்விடுகிறது. மாவுச்சத்தில் இந்தச் செலவு 5 முதல் 10 சதவீதம்தான். ஆக, எந்த உணவைத் தசைக்கென்று சாப்பிடுகிறோமோ அதுவே தசைக்குத் தேவையான மீதிச் சாப்பாட்டை உள்ளே விடாமல் வாசலில் நின்று மறிக்கிறது.

இது தெரிந்தும் ஜிம்களில் எல்லோருக்கும் ஒரே வைத்தியம் சொல்கிறார்கள்: “சோற்றை நிறுத்துங்கள்.” எனக்கும் சொன்னார்கள். கேட்கவில்லை. தொப்பையைக் குறைக்க வந்தவருக்கும் எலும்பும் தோலுமாக வந்த பெண்ணுக்கும் ஒரே சீட்டை எழுதிக் கொடுப்பது அநியாயம். ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்ற எடைப் பயிற்சிகளுக்குத் தசை முதலில் தேடுவது மாவுச்சத்திலிருந்து சேமித்து வைத்த கிளைகோஜனைத்தான். சோற்றை நிறுத்திய சில பெண்கள் மூன்றாவது சுற்றிலேயே சோர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபமாக வருகிறது.

பசி இல்லையென்றால் புரதப் பொடியைக் கரைத்துக் குடித்துவிடலாமே என்பார்கள். நியாயமான யோசனைதான், திரவமாகப் போனால் வயிறு அவ்வளவு நிறையாது. ஆனால் டப்பாவின் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைப் பரிசோதித்து 2024-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏறத்தாழ 70 சதவீதப் பொடிகளில் லேபிளில் சொன்ன புரத அளவு சரியில்லை. ஏமாற்ற வழியும் எளிது. கெல்டால் என்ற டென்மார்க் வேதியியலாளர் 1883-இல் வகுத்த முறைப்படி உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று கணக்கிடுகிறார்கள். புரதம் பல அமினோ அமிலங்களால் ஆனது; அவற்றில் கிளைசின் போன்ற மலிவான ஒன்றை மட்டும் கலந்தாலும் நைட்ரஜன் ஏறும், லேபிளில் எண் ஏறும், தசைக்கு வேண்டியது மட்டும் ஏறாது. எல்லா நிறுவனமும் இப்படி என்று சொல்லவில்லை; நேர்மையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று முட்டையில் சுமார் 18 கிராம் இருக்கிறது என்பதை அறிய எனக்கு லேபிள் தேவையில்லை, அவ்வளவுதான்.

“பருப்பில் இல்லாத சத்தா?” என்று என் மாமியார் கேட்பார். அத்தை சொல்வதில் பாதி சரி. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவான மெத்தியோனின் என்ற இன்னொன்று அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் தரமான புரதம். அளவில்தான் இடிக்கிறது. ஐந்து பேருக்கான சாம்பாரில் 150 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஆளுக்குச் சுமார் 7 கிராம் புரதம் கிடைக்கும். அதை வைத்து 93-ஐ எட்ட முடியாது. ஆனாலும் அந்தச் சாம்பார்ச் சோற்றைச் சாப்பிட மட்டும் எனக்கு இன்றும் மனம் வருகிறது.

பசியை மீட்க நான் செய்துபார்த்தவற்றில் ஓரளவு பலித்தவை: கறியைத் தனியாகச் சாப்பிடாமல் சோற்றோடு பிசைந்து சாப்பிடுவது, சோற்றில் ஒரு கரண்டி நெய், மாலைச் சுண்டலைப் பாதியாக்கி, பால் ஊற்றிய கேழ்வரகுக் கஞ்சியும் வாழைப்பழமும் சேர்ப்பது. எடை மெல்ல ஏறியதற்கு இவையே காரணம் என்று நினைக்கிறேன். பசி ஓரளவுக்கே வந்தது.

இனி தோழியின் கேள்வி. இத்தனை நல்லது சொன்ன பிறகும் என் பதில், வேண்டாம் என்பதுதான். எடை தூக்கும் பயிற்சியை நாளையே தொடங்கட்டும், இந்த 1.6 கணக்கைத் தொட வேண்டாம். அந்த எண்ணைப் பிரபலமாக்கிய, 49 ஆய்வுகளைத் தொகுத்த 2018 கட்டுரையே என் பக்கம் நிற்கிறது. பயிற்சியால் மட்டும் அவற்றில் பங்கேற்றவர்களுக்குக் கொழுப்பற்ற உடல் எடை சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கூடியது. கூடுதல் புரதம் அதற்கு மேல் தந்தது ஏறத்தாழ 300 கிராம். அந்த 300 கிராமுக்காகத் தினமும் மதியச் சாப்பாட்டின் சுகத்தை விட்டுக்கொடுக்கலாமா என்று இன்று என்னைக் கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். அடுத்த மாதம் ஜிம்மில் இன்னும் ஐந்து கிலோ கூடுதலாகத் தூக்கிவிட்டு வந்தால் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

தொடங்குகிறவர்கள் கிலோவுக்கு 1.2 கிராமில் தொடங்கலாம். 60 கிலோ எடை உள்ளவருக்கு 72 கிராம். இரண்டு முட்டை, ஒரு வேளை கறியோ மீல்மேக்கரோ, தயிர், சுண்டல், வழக்கமான சோறு சாம்பார் என்றால் ஏறத்தாழ வந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் இதைக்கூடச் செய்யக் கூடாது. சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இருந்தால் முதலில் சிறுநீரகப் பரிசோதனை. நானும் இந்த மாதத்திலிருந்து 70 கிராமுக்கு இறங்குகிறேன். பன்னீரை நிறுத்திவிட்டேன், முட்டையை, விலை என்னவானாலும், நிறுத்தப் போவதில்லை.