க்ரூக்ஸ், கர்லியின் மனைவி: தனிமை யாருக்கு, அதிகாரம் யாரிடம்?

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ 1937இல் வெளியான குறுநாவல். கலிபோர்னியப் பண்ணை ஒன்றில் நடக்கும் அந்தக் கதையில் வரும் க்ரூக்ஸ், கர்லியின் மனைவி இருவரையும் ஒப்பிட அதன் நான்காம் அத்தியாயமே போதும்.

க்ரூக்ஸ் கறுப்பினத்தவர்; குதிரை உதைத்து முதுகு வளைந்தவர். மற்ற தொழிலாளர்கள் தங்கும் கொட்டகையில் அவருக்கு இடமில்லை, சேண அறையில் தனியாகப் படுக்கிறார். அங்கே 1905ஆம் ஆண்டின் கலிபோர்னியா சிவில் சட்டப் புத்தகம் இருக்கிறது. உரிமை இன்னதென்று தெரியும், கேட்கத்தான் வழியில்லை. கர்லியின் மனைவியோ பண்ணையார் வீட்டு மருமகள். ஆனால் பேச ஆளில்லை. ஆசிரியர் அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை.

சனிக்கிழமை இரவு, மனவளர்ச்சி குன்றிய தொழிலாளி லென்னி தனியாக அகப்பட்டதும், அவனைக் கவனித்துக்கொள்ளும் நண்பன் ஜார்ஜ் திரும்பி வராவிட்டால் என்ன செய்வாய் என்று க்ரூக்ஸ் அவனை வதைக்கிறார். கிடைத்த கொஞ்ச பலத்தையும் தன்னைவிட எளியவன் மீதுதான் காட்டுகிறார். பிறகு கர்லியின் மனைவி வருகிறாள். வெளியே போகச் சொன்ன க்ரூக்ஸிடம், உன்னை மரத்தில் தொங்கவிட வைப்பது எனக்குச் சுலபம் என்கிறாள். அவர் அப்படியே ஒடுங்கிவிடுகிறார். சொந்த நிலம் வாங்கி வாழும் லென்னி, ஜார்ஜின் கனவில் தானும் சேர்ந்துகொள்கிறேன் என்று சற்றுமுன் ஆசையாகச் சொன்னதையும் திரும்பப் பெறுகிறார்.

இந்த இடத்தில் அவளைக் கொடுமைக்காரி என்று மட்டும் எழுதி முடிப்பது அரைகுறை வாசிப்பு. மிரட்டல் பலிப்பது அவள் வெள்ளைக்காரி என்பதால். கர்லியிடம் அந்தப் பலம் செல்லாது.