சோபியாவில் தேவாலயச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன்

பல்கேரியாவின் தலைநகரான சோபியாவுக்குச் செல்லவிருப்போர், அங்குள்ள பழைமையான ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களைச் சுற்றிக்காட்டுவதாகச் சொல்லும் முகவர்களிடம் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நானும் என் பெற்றோரும் தங்கியிருந்த விடுதியில் அறிமுகமான முகவர் ஒருவர், ஒரு நாள் சுற்றுலாவுக்கு ஆளுக்கு 45 யூரோ கேட்டதோடு, ‘நான்கு ஆலயங்களின் நுழைவுக் கட்டணம்’ என்று தனியாக 15 யூரோவும் வாங்கிக்கொண்டார்.

முதலில் நாங்கள் சென்றது, 1912-இல் கட்டி முடிக்கப்பட்ட அலெக்சாண்டர் நெவ்ஸ்கி பேராலயம். உள்ளூர் மக்கள் சீட்டு எதுவும் காட்டாமல் இயல்பாக உள்ளே போவதைக் கண்டதும் எனக்கு ஐயம் எழுந்தது. மெல்லிய மஞ்சள் மெழுகுவத்திகளை விற்றுக்கொண்டிருந்த மூதாட்டியிடம், உள்ளே போகக் காசு உண்டா என்று சைகையில் கேட்டேன்; அவர் தலையை மேலும் கீழுமாக ஆட்டினார். ஆம் என்கிறார் என நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். பல்கேரியர்கள் ‘இல்லை’ என்பதற்குத்தான் அப்படித் தலையாட்டுவார்கள் என்பது இரவில்தான் தெரியவந்தது. அங்கே வழிபாட்டுக் கூடத்துக்குக் கட்டணமே கிடையாது. படம் எடுப்பதற்கும், நிலவறையில் உள்ள திருவோவியக் காட்சியகத்துக்கும் மட்டுமே பணம். ரோமானியர் காலத்துச் செங்கல் கட்டடமான புனித ஜார்ஜ் வட்டாலயத்துக்கும், புனித நெதெல்யா ஆலயத்துக்கும்கூட நுழைவுக் கட்டணம் இல்லை.

பணம் போனதைவிட என் மனம் நொந்தது பொயானாவில்தான். விதோஷா மலையடிவாரத்தில் இருக்கும் அந்தச் சிறிய ஆலயம், 1259-இல் தீட்டப்பட்ட சுவரோவியங்களுக்காகப் புகழ்பெற்றது. 1979-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அதைப் பார்ப்பதற்காகவே அப்பா இந்தப் பயணத்துக்குச் சம்மதித்திருந்தார். ஓவியங்கள் கெடாதிருக்க, பார்வையாளர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பத்து நிமிடம் மட்டுமே உள்ளே விடுவார்கள். இது தெரிந்திருந்தும் முகவர் எங்களை ஒரு நினைவுப்பொருள் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாயிற்கதவு சாத்தப்பட்டிருந்தது. கம்பிவேலிக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். முட்டிவலியோடு மேட்டில் ஏறி வந்த அப்பா, மரங்களுக்கு நடுவே தெரிந்த கூரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “இடத்தைக் காட்டிவிட்டோமே” என்றார். பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. அவர் தந்த ரசீதில் நிறுவனத்தின் பெயரோ முகவரியோ இல்லை என்பதை நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை நாங்களே டாக்சி பிடித்துப் பொயானாவுக்குப் போய், அங்கேயே சீட்டு வாங்கி உள்ளே சென்றோம். கொடுத்த பத்து நிமிடத்தையும் அப்பா, அந்த ஆலயத்துக்குக் கொடையளித்தவரின் மனைவியான தெசிஸ்லாவா சீமாட்டியின் ஓவியத்தின் முன்னாலேயே நின்று கழித்தார்.