நாஸ்ம் சுகம், காஸ் தேவை

அசெம்பிளி மொழியில் எழுதியதைப் புரோசஸருக்குப் புரியும் பைட்டுகளாக மாற்றுவது அசெம்பிளர். அவற்றில் எழுதச் சுகமாக இருப்பது நாஸ்ம் (NASM), ஆனால் ஒன்றே ஒன்று போதும் என்றால் நான் காஸைத்தான் (GAS) வைத்துக்கொள்வேன். இங்கே மலேசியாவின் கெடாவில், பாடாங் செராயில் செம்பனையைத் தாண்டினால் கூலிம் சிப் தொழிற்சாலைகள், பாலிடெக்னிக் படிக்கிற தம்பிகள் அசெம்பிளி பாடம் வந்ததும் எதை இறக்குவது என்று கேட்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டும் இலவசம், பழைய லேப்டாப்பே போதும்.

நாஸ்ம் 1996இல் வந்தது. இன்டெல் எழுத்துமுறை, விடை போய்ச் சேரும் ரெஜிஸ்டர் (புரோசஸருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) முதலில் வரும், சதவீதக் குறி டாலர் குறி எல்லாம் ரெஜிஸ்டருக்கும் எண்ணுக்கும் முன்னால் ஒட்ட வேண்டியதில்லை. வெளியே வரும் ஃபைலின் வடிவம் எது என்று சொல்லாமல் ஓட்டினால் வெறும் பைனரியைத் தந்துவிடும், துண்டுகளைச் சேர்த்து ஓடும் புரோகிராமாக ஆக்கும் லினக்ஸ் லிங்கருக்கு அது உதவாது, வடிவம் எல்ஃப்64 என்று கொடுங்கள். குறை ஒன்றுதான், பெரிய குறை: இன்டெல், ஏஎம்டி லேப்டாப்புகளில் இருக்கும் எக்ஸ்86 வகை தவிர வேறு எந்தப் புரோசஸரும் அதற்குத் தெரியாது. ஏஆர்எம் வகைப் புரோசஸர் உள்ள ராஸ்பெர்ரி பை என்ற சின்ன போர்டு வாங்கினால் அதில் ஓட்ட இதை வைத்து ஒன்றும் எழுத முடியாது.

காஸ், பினுட்டில்ஸ் என்ற இலவசக் கருவித் தொகுப்போடு வருவது. உபுண்டுவில் 64 பிட் ஏஆர்எம்முக்கு ஒரு பேக்கேஜ், ரிஸ்க்-ஃபைவ் என்ற இன்னொரு புரோசஸர் வகைக்கு ஒரு பேக்கேஜ், அப்புறம் வேறு புரோசஸர் போல நடிக்கும் கியூஎமு இருந்தால் போர்டு வாங்காமலே ஓட்டிப் பார்க்கலாம். எக்ஸ்86க்கு அதன் வழக்கமான ஏடி அண்ட் டி எழுத்துமுறை கண்ணில் மிளகாய்த் தூள், '.இன்டெல்_சின்டாக்ஸ் நோபிரிஃபிக்ஸ்' என்று மேலே ஒரு வரி போட்டால் தொல்லை விட்டது.

ஆனால் எல்லாப் புரோசஸருக்கும் காஸ் என்று பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று எழுத்துமுறையும் ஒன்றாக இருக்கும் என நினைக்காதீர்கள். கமெண்ட் போட எக்ஸ்86க்கு #, 32 பிட் ஏஆர்எம்முக்கு @, 64 பிட்டுக்கு இரட்டைச் சாய்கோடு. இதாவது பெரும்பாலும் எரர் காட்டும். நினைவகத்தில் எண்களை வைக்கும் '.வேர்ட்' அதைவிட மோசம்: எக்ஸ்86இல் 2 பைட், ஏஆர்எம்மிலும் ரிஸ்க்-ஃபைவிலும் 4 பைட், சின்ன எண்கள் உள்ள அட்டவணை என்றால் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் அசெம்பிள் ஆகி, ஓட்டும்போது தப்பு விடை தரும். '.2பைட்', '.4பைட்' என்று எழுதிப் பழகுங்கள், எங்கே போனாலும் அளவு மாறாது.

புரோகிராமை முடிக்கச் சொல்லிக் கர்னலைக் கூப்பிடும் எக்சிட் எண் எக்ஸ்86-64இல் (64 பிட் எக்ஸ்86) 60, 64 பிட் ஏஆர்எம்மிலும் ரிஸ்க்-ஃபைவிலும் 93 என்பதற்கு மட்டும் காஸைத் திட்டாதீர்கள், அது லினக்ஸ் கர்னல் வைத்த கணக்கு.

எல்எல்விஎம்-எம்சி (llvm-mc) என்று இன்னொரு அசெம்பிளர் உண்டு, ஒரே புரோகிராம், எந்தப் புரோசஸருக்கு என்று சொல்லும் டிரிப்பிளை மாற்றினால் புரோசஸர் மாறும், கேட்டால் ஒவ்வொரு கட்டளைக்கும் பைட்டுகளையும் பக்கத்திலேயே காட்டும். முழு அசைன்மென்டையும் அதில் எழுதச் சொல்ல மாட்டேன், கட்டளையைக் கையால் பைட்டுகளாக மாற்றிப் போட்ட என்கோடிங் சரியா என்று பார்க்க அதைவிட வசதியானது என் கண்ணில் படவில்லை.