மஹிந்திரா தாரை குன்சும் கணவாய்க்குத் தயார் செய்தோம்: எந்தச் செலவு உழைத்தது, எது வீண்

போன செப்டம்பரில் என் 2021 தார் டீசலை எடுத்துக்கொண்டு கோவையிலிருந்து இமாச்சலத்தின் ஸ்பிதிக்குக் குன்சும் கணவாய் வழியாகப் போய் வந்தேன். கிளம்பும் முன் ஒரு பட்டறையில் ஒன்பது நாள் வண்டியை விட்டு வேலை பார்த்தோம். குறையும் சொல்லப்போவதால் பட்டறைப் பெயர் வேண்டாம், வேலையை மட்டும் சொல்கிறேன்.

முழு மார்க் அடித்தகடுக்குத்தான். எஞ்சின், கியர்பாக்ஸ், டீசல் டேங்க் மூன்றுக்கும் 3 மி.மீ. இரும்புத் தகடு, கூலியோடு 18,500 ரூபாய் ஆனது. தாருக்குத் தரையிலிருந்து 226 மி.மீ. உயரம் இருக்கிறதே, இது எதற்கு என்று முதலில் எனக்கும் தோன்றியது. கிராம்பூ தாண்டி சத்ரு, பாத்தல் வரை சந்திரா ஆற்றை ஒட்டிப் போகும் பாதையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பல இடத்தில் ரோடு என்று எதுவும் இல்லை, உருண்டைக் கல்தான். ஒரு திருப்பத்தில் முன் டயர் ஏறிய கல் புரண்டு அடியில் டமாரென்று அடித்தது. இறங்கிப் படுத்துப் பார்த்தேன், தகட்டில் ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளம். அந்த இடத்துக்கு நேர் மேலேதான் எஞ்சின் எண்ணெய் நிற்கும் ஆயில் சம்ப். தகடு இல்லையென்றால் பயணம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் அப்படிப் படுத்தபோதுதான் ஒரு போல்ட் இல்லாததையும், பக்கத்துப் போல்ட் கையாலேயே சுற்ற வருவதையும் பார்த்தேன். ஸ்பிரிங் வாஷரும் இல்லை, போல்ட் தளராமல் பிடிக்கும் பசையான லாக்டைட்டும் போடவில்லை. இத்தனை ஆயிரம் வாங்கிவிட்டு இதை விட்டது பெரிய தப்பு. பாத்தல் தாபாவில் கம்பி வாங்கி இழுத்துக் கட்டி ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸா வரை ஓட்டினேன். இன்னொன்று, தகட்டில் ஆயில் வடிக்க ஓட்டை இல்லை, ஒவ்வொரு சர்வீஸுக்கும் முழுத் தகட்டையும் கழற்ற வேண்டியிருக்கிறது. ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே பட்டறை, நான் கேட்காமலேயே ஒரு நல்ல வேலையும் செய்தது. சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பிரீதர் குழாயை, அதாவது உள்ளே காற்று போய்வரும் குழாயை, நீட்டி மேலே தூக்கிக் கட்டிவிட்டார்கள். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் பனி உருகிய தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, பிரீதர் வழியாகத் தண்ணீரை இழுத்துவிடும், எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துப்போகும். வழியில் பாதையைக் குறுக்கே வெட்டும் ஓடைகள், அதாவது நாலாக்கள், நிறைய. வெயில் ஏற ஏற மேலே பனி உருகி மதியத்துக்கு மேல் தண்ணீர் கூடிவிடும், அதனால் எல்லாவற்றையும் காலையிலேயே கடந்தேன். ஊர் திரும்பியதும் எண்ணெயை வடித்துப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது.

டயரை, வண்டியோடு வந்த அளவிலேயே, கல் மண் பாதைக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் ரகமாகப் போட்டேன், பெரிய அளவுக்குப் போகவில்லை. அதைவிட உதவியது சின்ன கம்ப்ரசரும் காற்று கேஜும்தான். ரோட்டில் 30 பி.எஸ்.ஐ. வைப்பவன் கல் பாதையில் 22-க்கு இறக்கினேன், வண்டி குதிப்பது பாதியாகக் குறைந்தது, டயர் கல்லைக் கவ்விப் பிடித்தது. வெளிக்காற்றின் அழுத்தம் உயரத்தில் குறைவதால் கீழே அடைத்த காற்றை மேலே கேஜ் கூடுதலாகத்தான் காட்டும், அதனால் அங்கேயே ஒரு தரம் அளந்துவிடுங்கள். தார்ச்சாலை வந்ததும் மறக்காமல் மறுபடி ஏற்ற வேண்டும், அதற்குத்தான் கம்ப்ரசர்.

வீண் என்றால் கூரையில் போட்ட எல்.இ.டி. லைட் பார். இருட்டில் அந்தப் பாதையில் ஓட்டவே கூடாது, அப்புறம் அது எதற்கு? பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்பான புல் பாரும் போடச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது, ஏர்பேக் சென்சாருக்கும் இடைஞ்சல். அந்தக் காசில் சிக்கிய வண்டியை இழுக்க நல்ல ரெக்கவரி ஸ்ட்ராப்பும் அதை மாட்ட இரண்டு ஷேக்கிளும் வாங்குங்கள்.

குன்சும் 4,551 மீட்டர். மேலே தேவி கோயிலை வண்டியோடு ஒரு சுற்று சுற்றிவிட்டு, நான்கு சக்கரமும் மெதுவாக, கூடுதல் இழுவிசையோடு ஓடும் ஃபோர் லோவில் முதல் கியர் போட்டு லோசர் பக்கம் இறங்கினேன், பிரேக்கை அதிகம் தொடவே வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஜூலையில் சாச் கணவாய் போக ஆசை. தகட்டை அதே பட்டறையில்தான் மறுபடி மாட்டப் போகிறேன், ஆனால் இந்த முறை ஒவ்வொரு போல்ட்டும் முறுக்கும்போது பக்கத்திலேயே நிற்பேன்.